நிலையான ஈடும் மிதக்கும் ஈடும்: கம்பெனி விழுந்தால் முதல் பணம் யாருக்கு?

ஒரு கம்பெனி நொடித்துப் போகிறது. வங்கிக்குக் கடன் பாக்கி, தொழிலாளர்களுக்குச் சம்பள பாக்கி, அரசாங்கத்துக்கு வரி பாக்கி, சரக்கு அனுப்பியவர்களுக்கும் பாக்கி. வங்கி தன் கடன் பத்திரத்தில் உள்ள அதிகாரத்தை வைத்து ஒரு ரிசீவரை நியமிக்கிறது. அவர் வந்து சாவிகளை வாங்கிக் கொள்கிறார். இருக்கிற சொத்துக்களை விற்றுக் காசாக்கிப் பங்கிட வேண்டியது அவர் வேலை.

இங்கிலாந்துச் சட்டத்தில் அந்த ரிசீவர் வருகிற பணத்தை எல்லாம் ஒரே பெட்டியில் போட முடியாது. இரண்டு கணக்குகள் வைத்தாக வேண்டும். ஃபிக்ஸட் சார்ஜ் எனப்படும் நிலையான ஈட்டில் இருந்த சொத்துக்களின் பணம் ஒரு கணக்கு. ஃப்ளோட்டிங் சார்ஜ் எனப்படும் மிதக்கும் ஈட்டில் இருந்த சொத்துக்களின் பணம் இன்னொரு கணக்கு. முதல் கணக்கு நேராக வங்கிக்குப் போகும். இரண்டாவது கணக்கில் இருந்து, வங்கிக்கு முன்னால், சம்பள பாக்கி முதலான முன்னுரிமைக் கடன்களைக் கட்ட வேண்டும்.

படிக்கும்போது ஏதோ கணக்குப் புத்தக விவகாரம் போலத் தெரியும். ஒரு சின்ன உதாரணம் பாருங்கள் (எண்கள் எல்லாம் கற்பனை, ரிசீவரின் செலவுகளை விட்டு விடலாம்). கட்டடம் விற்றது 3,00,000 பவுண்ட். சரக்கு விற்றது 1,00,000. வாடிக்கையாளர்களிடம் இருந்து வசூலான பாக்கி 2,00,000. மொத்தம் 6,00,000. வங்கிக்குத் தர வேண்டியது 5,00,000, முன்னுரிமைக் கடன்கள் 1,50,000, சரக்கு அனுப்பியவர்களுக்கு 2,50,000.

கட்டடம் மட்டும் நிலையான ஈடு என்றால், வங்கி முதலில் 3,00,000 எடுத்துக் கொள்ளும். மீதி 3,00,000-இல் இருந்து முன்னுரிமைக் கடன்களுக்கு 1,50,000 முழுதாகப் போய்விடும். மிச்சம் 1,50,000 வங்கிக்கு. ஆக வங்கிக்கு 50,000 நஷ்டம். அதே கம்பெனியில், வாடிக்கையாளர் பாக்கியும் நிலையான ஈடு என்று வைத்தால் கணக்கு தலைகீழ். வங்கிக்கு 5,00,000 முழுதாகக் கிடைத்துவிடும். முன்னுரிமைக்காரர்களுக்கு மிஞ்சுவது சரக்கு விற்ற 1,00,000 மட்டுமே. இப்போது 50,000 நஷ்டம் அவர்களுக்கு! சொத்து மாறவில்லை, கடன் மாறவில்லை. ஒரு சொத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது மட்டும்தான் மாறியது. (சரக்கு அனுப்பியவர்களுக்கு இரண்டு கணக்கிலும் பூஜ்யம் என்பதையும் கவனிக்க வேண்டும். அவர்களிடம் பிறகு வருவோம்.)

இந்த ஒரு கேள்விக்காக இங்கிலாந்து நீதிமன்றங்கள் நூறு வருடத்துக்கும் மேல் சண்டை போட்டிருக்கின்றன.

நிலையான ஈடு புரிந்து கொள்ள எளிது. நம் ஊரில் வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துக் கடன் வாங்குவது போலத்தான். இன்ன வீடு, இன்ன சர்வே எண் என்று சொத்து குறிப்பாகத் தெரியும். கடன் கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. கட்டடத்துக்கும் பெரிய இயந்திரங்களுக்கும் இது பொருந்தும். ஆனால் பருத்தி வாங்கி நூலாக்கி விற்கிற ஒரு மில்லை எண்ணிப் பாருங்கள். அதன் செல்வத்தில் பெரும்பகுதி குடோனில் உள்ள சரக்கிலும் ஊரில் நிற்கும் பாக்கியிலும் இருக்கிறது. அது இன்று இருப்பது நாளை இருக்காது. ஒவ்வொரு மூட்டையை விற்கவும் வங்கியின் அனுமதி வேண்டும் என்றால் மில் ஒரு வாரத்தில் நின்றுவிடும். தொழில் நின்றால் கடனும் திரும்பாது. கடன் கொடுப்பவருக்கும் வேண்டும், தொழிலும் நடக்க வேண்டும். என்ன செய்வது?

விடை இரண்டு படியாக வந்தது. முதல் படி 1862-ஆம் ஆண்டின் ஹோல்ராய்ட் எதிர் மார்ஷல் வழக்கு. யார்க்‌ஷையரில் ஹாலிஃபாக்ஸ் பக்கம் டெய்லர் என்பவர் ஒரு மில் வைத்திருந்தார். கடனுக்காக மில்லின் இயந்திரங்களை ஹோல்ராய்ட் குடும்பத்தாருக்கு ஈடாக எழுதிக் கொடுத்தார். பழைய இயந்திரத்துக்குப் பதில் புதிதாக எது வாங்கி வைத்தாலும் அதுவும் ஈட்டில் சேரும் என்று பத்திரத்தில் இருந்தது. பிறகு வேறொரு கடன்காரர் தீர்ப்பு வாங்கி ஜப்திக்கு ஆள் அனுப்பினார். பத்திரம் எழுதிய நாளில் இல்லாத இயந்திரத்தின் மேல் ஈடு எப்படி நிற்கும் என்பது கேள்வி. நிற்கும், இயந்திரம் மில்லுக்குள் வந்த கணமே ஈடு அதைப் பற்றிக் கொள்ளும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. வருங்காலச் சொத்தையும் ஈடு வைக்கலாம் என்பது உறுதியானது.

இரண்டாம் படி 1870-இல். பனாமா, நியூசிலாந்து, ஆஸ்திரேலிய ராயல் மெயில் கம்பெனி என்று ஒரு கப்பல் கம்பெனி. பெயரே ஒரு கடல் தூரம்! 1866-இல் பனாமாவுக்கும் நியூசிலாந்துக்கும் இடையே தபால் கப்பல் விடத் தொடங்கியது, 1869-இல் விழுந்துவிட்டது. அது கொடுத்திருந்த கடன் பத்திரங்களில், கம்பெனியின் ‘தொழில் முழுவதும்’ ஈடு என்று எழுதியிருந்தது. சில வருடம் முன்பு, 1867-இல், ஒரு ரயில்வே கம்பெனியின் வழக்கில் இதே சொல்லுக்கு வேறு பொருள் சொல்லியிருந்தார்கள். ரயில்வே என்பது பழம் தரும் மரம், கடன் கொடுத்தவர் பழத்தைத்தான் கேட்கலாம், மரத்தை வெட்ட முடியாது என்ற கருத்தில் அந்தத் தீர்ப்பு அமைந்தது. கப்பல் கம்பெனி வழக்கில் நீதிபதி கிஃபர்ட் அப்படிச் சொல்லவில்லை. தொழில் முழுவதும் என்றால் இன்றைய சொத்து, நாளைய சொத்து எல்லாம் அடங்கும். ஆனால் கம்பெனி நடக்கிற வரை கடன் பத்திரக்காரர் குறுக்கே வரக் கூடாது, அதன் போக்கில் வாங்கி விற்கலாம். விழுந்த பிறகு அவர் உரிமை மற்ற கடன்காரர்களுக்கு முன்னால் நிற்கும் என்றார். மிதக்கும் ஈடு பிறந்தது இங்கேதான் எனலாம்.

இந்த வசதி தனி வியாபாரிக்குக் கிடையாது என்பது முக்கியம். 1878, 1882 ஆண்டுகளின் விற்பனைச் சீட்டுச் சட்டங்கள் காரணமாக, தனி மனிதர் தன் சரக்கை ஈடு வைக்க வேண்டுமானால் ஒவ்வொரு பொருளையும் பட்டியல் போட்டாக வேண்டும். நாளை வரப்போகும் சரக்கைப் பட்டியல் போடுவது எப்படி? கம்பெனியின் கடன் பத்திரங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆக, கம்பெனியாகப் பதிவு செய்து கொள்வதில் இதுவும் ஒரு லாபம்.

கம்பெனிச் சட்டம் படித்த எல்லோருக்கும் தெரிந்த சாலமன் வழக்கு இந்த இடத்தில்தான் வருகிறது. பாடப் புத்தகங்கள் அதைக் கம்பெனி வேறு, முதலாளி வேறு என்ற விதிக்காகச் சொல்லிவிட்டு நிறுத்திக் கொள்ளும். அது பாதிக் கதைதான். ஆரன் சாலமன் லண்டன் ஒயிட்சேப்பலில் பூட்ஸ் செய்து விற்றவர். 1892-இல் தன் தொழிலைத் தானே தொடங்கிய கம்பெனிக்குச் சுமார் 39,000 பவுண்டுக்கு விற்றார். 20,007 பங்குகளில் 20,001 அவருடையவை. மனைவி, ஒரு மகள், நான்கு மகன்கள் ஆளுக்கு ஒன்று. விலையில் ஒரு பகுதிக்கு 10,000 பவுண்ட் கடன் பத்திரங்களை எழுதி வாங்கிக் கொண்டார். அந்தப் பத்திரங்களில் இருந்தது மிதக்கும் ஈடு! அதாவது தன் கம்பெனிக்குத் தானே முதல் கடன்காரர்.

தொழில் சீக்கிரமே படுத்துவிட்டது. பூட்ஸ் தொழிலில் வேலை நிறுத்தங்கள், கிராக்கி குறைவு. சாலமன் அந்தப் பத்திரங்களைக் காட்டி பிராடரிப் என்பவரிடம் 5,000 பவுண்ட் கடன் வாங்கிக் கம்பெனிக்குள் போட்டுப் பார்த்தார். அதுவும் உதவவில்லை. வட்டி வராததால் பிராடரிப் வழக்குப் போட்டு ரிசீவரைக் கொண்டு வந்தார். பிராடரிப்புக்குக் கொடுத்தது போக ஆயிரம் பவுண்டுக்குச் சற்று அதிகமாக மிஞ்சியது. ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு 7,000 பவுண்டுக்கு மேல் பாக்கி. மிஞ்சிய ஆயிரம் சாலமனுக்கா, தோல் அனுப்பிய வியாபாரிகளுக்கா? கீழ் நீதிமன்றமும் மேல் முறையீட்டு நீதிமன்றமும் சாலமனை ஏமாற்றுக்காரர் போலவே நடத்தின. 1896 நவம்பரில் பிரபுக்கள் சபை இரண்டையும் தள்ளுபடி செய்தது. பத்திரம் செல்லும், மிதக்கும் ஈடு செல்லும், வியாபாரிகளுக்கு ஒன்றும் இல்லை.

அந்தத் தீர்ப்பில் மக்நாட்டன் பிரபு சொன்ன ஒரு கருத்துக்குப் பாடப் புத்தகங்கள் அதிகம் இடம் தருவதில்லை. கம்பெனி கலையும்போது கடன் பத்திரக்காரர்கள் வந்து எல்லாவற்றையும் வாரிக் கொண்டு போவது பெரிய அவக்கேடு என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். சாதாரண வியாபாரிகளுக்கும் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் சட்டம் இதுதான், மாற்ற வேண்டியது பாராளுமன்றம் என்று கைகழுவிவிட்டார்.

பாராளுமன்றம் மாற்றியது, ஆனால் வியாபாரிகளுக்காக அல்ல. 1888-ஆம் ஆண்டுச் சட்டமே கம்பெனி கலையும்போது சம்பளத்துக்கு முன்னுரிமை தந்திருந்தது. குமாஸ்தா என்றால் நான்கு மாதச் சம்பளம், 50 பவுண்ட் வரை. தொழிலாளி என்றால் இரண்டு மாதம், 25 பவுண்ட் வரை. ஆனால் இந்த முன்னுரிமை மற்ற சாதாரணக் கடன்காரர்களுக்கு எதிராகத்தான். சொத்து முழுவதும் மிதக்கும் ஈட்டில் போய்விட்டால் முன்னுரிமையை வைத்துக் கொண்டு என்ன செய்வது? 1897-இல் வந்த திருத்தச் சட்டம் இதைச் சரி செய்தது. மற்ற சொத்துக்கள் போதாவிட்டால், மிதக்கும் ஈட்டில் உள்ள சொத்தில் இருந்தே சம்பளமும் வரிகளும் முதலில் கட்டப்பட வேண்டும், ரிசீவர் வந்திருந்தாலும் அதே விதி என்றது. நிலையான ஈட்டை அது தொடவில்லை. (இந்தியாவின் 1956 கம்பெனிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவும் இதே விதியின் வாரிசுதான்.)

அது வரை இரண்டு ஈடுகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி யாருக்கும் பெரிய கவலை இல்லை. இப்போது பணம் கலந்துவிட்டது. 1900-ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு முடிச்சும் போட்டது. மிதக்கும் ஈடு என்றால் 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. இனிமேல், ‘என்னுடையது மிதக்கும் ஈடு இல்லை’ என்று சொல்வதில் எல்லோருக்கும் ஆர்வம் வருவது இயற்கைதானே?

முதலில் அப்படிச் சொல்லிப் பார்த்தவர்கள் யார்க்‌ஷையர் கம்பளி சீவுவோர் சங்கம் என்ற பெரிய கம்பெனியின் கடனுக்கு உத்தரவாதம் நின்றவர்கள். 1899-இல் பல கம்பளி ஆலைகளை இணைத்து உருவாக்கிய கம்பெனி அது. அவர்களுக்குப் பாதுகாப்பாக, வாடிக்கையாளர்களிடம் இருந்து இன்று வர வேண்டிய பாக்கியும் இனி வரப்போகும் பாக்கியும் ஈடாக எழுதப்பட்டன. பதிவு செய்யவில்லை. கம்பெனி விழுந்தது. இது குறிப்பான ஈடு, ஆகவே பதிவு தேவையில்லை என்பது அவர்கள் வாதம். 1903-இல் மேல் முறையீட்டு நீதிமன்றத்தில் ரோமர் நீதிபதி மூன்று அடையாளங்களைச் சொன்னார். இன்றும் மாணவர்கள் மனப்பாடம் செய்கிற மூன்று அவைதான். இன்றைய சொத்தும் நாளைய சொத்தும் சேர்ந்த ஒரு வகுப்பின் மேல் ஈடு. தொழில் நடக்கையில் அந்த வகுப்பில் உள்ளவை மாறிக் கொண்டே இருக்கும். கடன் கொடுத்தவர் தலையிடும் வரை கம்பெனி அவற்றை வழக்கம் போலக் கையாளலாம். இது முழுமையான இலக்கணம் அல்ல என்று அவரே எச்சரித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையை மட்டும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

வழக்கு 1904-இல் பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே மறுபடி நம் மக்நாட்டன் பிரபு! குறிப்பான ஈடு ஒரு சொத்தை உடனே இறுகப் பற்றிக் கொள்கிறது. மிதக்கும் ஈடோ ஓரிடத்தில் நில்லாமல் சொத்துக்களின் மேல் வட்டமிட்டபடி இருக்கிறது, ஏதோ ஒன்று நடக்கும்போதுதான் கீழே இறங்கிப் பிடிக்கிறது என்ற பொருளில் விளக்கினார். பருந்து என்ற சொல்லை அவர் சொல்லவில்லை. ஆனால் கோழிக்குஞ்சு மேயும் முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு வேறு உவமை தோன்றாது. அது இறங்கும் தருணங்கள் சில உண்டு. ரிசீவர் நியமனம், கம்பெனி கலைப்பு, தொழில் நின்று போவது. அந்தத் தருணத்தில் ஈடு இறுகி, அப்போது கையில் உள்ள சொத்தின் மேல் நிலைத்துவிடும்.

உத்தரவாதம் நின்றவர்கள் தோற்றார்கள். பாக்கிகளை வசூலித்துச் செலவு செய்ய கம்பெனிக்கு முழுச் சுதந்திரம் இருந்ததால் அது மிதக்கும் ஈடு, பதிவு இல்லாததால் செல்லாது.

அதன் பிறகு எழுபது வருடம் பெரிய சச்சரவு இல்லை. வங்கிகளும் மிதக்கும் ஈட்டை ஏற்றுக் கொண்டன. ரிசீவர் முறைக்கும் நல்ல பெயர் இருந்தது. 1971-இல் ரோல்ஸ் ராய்ஸ் விழுந்தபோது வந்ததும் ரிசீவர்தான். விமான எஞ்சின் தொழில் அரசாங்கத்தின் புதிய கம்பெனிக்கும், கார் தொழில் தனியாகவும் போயின. தொழில் முழுவதையும் ஒருவர் கையில் கொடுத்து, ஓடிக் கொண்டிருக்கும் நிலையிலேயே விற்க முடிந்ததற்கு மிதக்கும் ஈடு போன்ற பரந்த ஈடுதான் அடிப்படை. இந்த நல்ல பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை.

1970-களில் வங்கிகளுக்கு இரண்டு பக்கமும் நெருக்கடி. ஒரு பக்கம், 1973-இல் வாட் வரி வந்ததும் முன்னுரிமை கேட்கும் அரசாங்க பாக்கி பெருத்தது. இன்னொரு பக்கம், 1976-இல் ரோமால்பா வழக்கில், பணம் வரும் வரை சரக்கு எனக்கே சொந்தம் என்று பில்லில் எழுதி வைத்த ஒரு டச்சு அலுமினியக் கம்பெனி ஜெயித்தது. சரக்கு அனுப்புகிறவர்கள் எல்லோரும் அந்த வரியைத் தங்கள் பில்லில் சேர்க்கத் தொடங்கினார்கள். மிதக்கும் ஈட்டுக் கணக்கு மேலும் மெலிந்தது. வங்கி வக்கீல்களின் கண் வாடிக்கையாளர் பாக்கி மேல் விழுந்தது. அதை மட்டும் நிலையான ஈடாக மாற்ற முடிந்தால்?

1978-இல் சீப் கோர்மன் எதிர் பார்க்ளேஸ் வங்கி வழக்கில் அது நடந்தது. (சீப் கோர்மன் ஆழ்கடலில் இறங்குவோருக்கான ஹெல்மெட், உடைகளுக்குப் பெயர்போன கம்பெனி. இந்த வழக்கில் அது வெறும் கடன்காரர்தான்.) பார்க்ளேஸ் தன் பத்திரத்தில், பாக்கிகள் நிலையான ஈடு என்று எழுதியதோடு, அவற்றை வேறு யாருக்கும் விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது, வசூலாகும் பணத்தைத் தன்னிடம் உள்ள கணக்கிலேயே கட்ட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. ஸ்லேட் நீதிபதி இது போதும், நிலையான ஈடுதான் என்று தீர்ப்பளித்தார். அவ்வளவுதான், இங்கிலாந்து வங்கிகள் இதே வாசகத்தைத் தங்கள் அச்சடித்த பத்திரங்களில் ஏற்றிக் கொண்டன. அடுத்த இருபத்தைந்து வருடம் ஆயிரக்கணக்கான கம்பெனிகளின் கடன் இந்த ஒரு நீதிபதியின் தீர்ப்பின் மேல் நின்றது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. பணத்தைக் கணக்கில் கட்ட வேண்டும் சரி, கட்டிய பிறகு? மறுநாள் காலையில் கம்பெனி செக் எழுதி அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்யலாம். யாரும் தடுப்பதில்லை. அப்படியானால் கம்பளிச் சங்கத்தின் பாக்கிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1986-இல் பிரைட்லைஃப் வழக்கில் ஹாஃப்மன் நீதிபதி இதைத் தொட்டார். பத்திரத்தில் குறிப்பான ஈடு என்று எழுதியிருந்தாலும், வசூலித்த பணத்தைக் கம்பெனி தன் விருப்பம் போலச் செலவிட முடிந்ததால் அது மிதக்கும் ஈடுதான் என்றார். அதே வழக்கில் இன்னொரு விசித்திரமும் நடந்தது. கடன் கொடுத்தவர், கம்பெனி கலைப்புத் தீர்மானத்துக்கு ஒரு வாரம் முன்பே நோட்டீஸ் கொடுத்து மிதக்கும் ஈட்டை நிலையானதாக இறுக்கிவிட்டார். கலைப்பு நாளில் அது மிதக்கவில்லை, ஆகவே முன்னுரிமைக்காரர்களுக்குப் பங்கில்லை என்று ஜெயித்தும் விட்டார்! அந்த வருடமே அமலுக்கு வந்த திவால் சட்டம் இந்த வழியை அடைத்தது. பிறக்கும்போது மிதக்கும் ஈடாகப் பிறந்திருந்தால் போதும், பின்னால் எப்போது இறுகினாலும் சம்பளத்துக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும் என்றது.

வக்கீல்கள் ஓயவில்லை. 1994-இல் நியூ புல்லாஸ் வழக்கில் புதிய பத்திரம். பாக்கி வசூலாகும் வரை நிலையான ஈடு, வசூலான நொடியில் மிதக்கும் ஈடு. மேல் முறையீட்டு நீதிமன்றம் இதையும் ஒப்புக் கொண்டது. ஒப்பந்தம் செய்பவர்கள் விரும்பியபடி எழுதிக் கொள்ளலாமே என்பது அவர்கள் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒப்பந்தத்தில் பணத்தை இழப்பவர்கள் தொழிலாளர்களும் அரசாங்கமும். அவர்கள் எந்தக் கையெழுத்தும் போடவில்லையே? இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவரின் சட்ட உரிமையை ஒரு சொல்லால் அழித்துவிட முடியுமா?

முடியாது என்ற பதில் நியூசிலாந்தில் இருந்து வந்தது. புருமார்க் என்ற கம்பெனி நியூ புல்லாஸ் மாதிரியிலேயே எழுதிய பத்திரத்தை வங்கிக்குக் கொடுத்திருந்தது. கம்பெனி ரிசீவர்கள் கைக்கு வந்தபோது வசூலாகாத பாக்கி நிறைய இருந்தது. ரிசீவர்களே அதை வசூலித்தார்கள். ஊழியர்களும் வரித் துறையும் முன்னுரிமை கேட்டு நின்றார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 2001 ஜூனில் முடிந்தது. தீர்ப்பை எழுதிய மில்லெட் பிரபு வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதலில் பத்திரத்தைப் படித்து, யாருக்கு என்ன உரிமை கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு, அந்த உரிமைகளுக்கு என்ன பெயர் என்பதைச் சட்டம் முடிவு செய்யும், பத்திரம் எழுதியவர்கள் அல்ல. வங்கியைக் கேட்காமல் கம்பெனியே பாக்கியை வசூலித்துப் பணத்தைத் தன் தொழிலில் போடலாம் என்றால், அந்தப் பாக்கி வங்கியின் கையை விட்டுத் தானாகவே நழுவுகிறது. அப்படி நழுவ விடுகிற ஈடு நிலையானது அல்ல. நியூ புல்லாஸ் தவறான தீர்ப்பு.

பிரிவி கவுன்சில் தீர்ப்பு இங்கிலாந்து நீதிமன்றங்களைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. சீப் கோர்மன் இன்னும் உயிரோடு இருந்தது. கடைசிச் சண்டை ஸ்பெக்ட்ரம் பிளஸ் என்ற சாயம், பெயின்ட் பொருட்கள் செய்கிற சிறிய கம்பெனியின் பெயரில் நடந்தது. 1997-இல் நேஷனல் வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியிடம் 2,50,000 பவுண்ட் வரை ஓவர்டிராஃப்ட் வாங்கியது. ஈடு, சீப் கோர்மன் வாசகம். 2001 அக்டோபரில் கம்பெனி கலைப்புக்குப் போனபோது வங்கிக்குப் பாக்கி சுமார் 1,65,000. வசூலான வாடிக்கையாளர் பாக்கி சுமார் 1,13,000. முன்னுரிமைக் கடனோ 16,000 பவுண்டைச் சுற்றித்தான். இந்தச் சிறு தொகைக்கா மூன்று நீதிமன்றம்? தொகைக்காக அல்ல. நாடு முழுதும் இதே வாசகத்தின் மேல் நின்ற வங்கிக் கடன்களுக்கு இது முன்மாதிரி வழக்கு. முதல் நீதிபதி மிதக்கும் ஈடு என்றார். மேல் முறையீட்டில் நிலையானது என்றார்கள், இத்தனை வருட வழக்கத்தைக் குலைக்கக் கூடாது என்ற எண்ணமும் அதில் இருந்தது.

2005 ஜூன் 30 அன்று பிரபுக்கள் சபையின் ஏழு நீதிபதிகளும் ஒரே முடிவாக வங்கிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வழக்கமாக ஐந்து பேர் உட்காரும் இடத்தில் ஏழு பேர் உட்கார்ந்ததே விஷயத்தின் கனத்தைக் காட்டும். பணத்தை ஒரு குறிப்பிட்ட கணக்கில் கட்டச் சொல்வது மட்டும் போதாது, அந்தக் கணக்கைக் கம்பெனி தொட முடியாதபடி உண்மையிலேயே அடைத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அடைக்காத கணக்கு, மிதக்கும் ஈடு. இத்தனை வருடம் நம்பிவிட்டோம், இனி வரும் பத்திரங்களுக்கு மட்டும் இந்த விதியை வைத்துக் கொள்ளுங்கள் என்று வங்கி கேட்டதையும் ஏற்கவில்லை. சீப் கோர்மன் இருபத்தேழு வயதில் முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், 2005-இல் அரசாங்கம் ஜெயித்தபோது அது ஜெயித்த முன்னுரிமையே சட்டத்தில் இல்லை! 2002-இன் தொழில்முனைவோர் சட்டம், 2003 செப்டம்பர் 15 முதல் வரி பாக்கிக்கான முன்னுரிமையை நீக்கிவிட்டது. ஸ்பெக்ட்ரம் அதற்கு முன்பே விழுந்ததால் பழைய விதி அதற்குப் பொருந்தியது. அதே சட்டம், புதிதாக எழுதப்படும் மிதக்கும் ஈட்டை வைத்து வங்கி தன் ரிசீவரை அனுப்பித் தொழில் முழுவதையும் கையில் எடுக்கும் முறையையும், சில விலக்குகள் தவிர, நிறுத்திவிட்டது. நீதிமன்றத்தின் அதிகாரி என்ற தகுதியோடு, எல்லாக் கடன்காரர்களுக்கும் பொறுப்பான நிர்வாகி ஒருவர் அந்த இடத்துக்கு வந்தார்.

ஒயிட்சேப்பல் தோல் வியாபாரிகளின் வாரிசுகளுக்கும் அந்தச் சட்டத்தில்தான் முதல் முறையாக ஏதோ கிடைத்தது. 1982-இல் சர் கென்னத் கார்க் தலைமையிலான குழு, மிதக்கும் ஈட்டுப் பணத்தில் 10 சதவீதத்தை ஈடில்லாத கடன்காரர்களுக்கு ஒதுக்கச் சொல்லியிருந்தது. இருபது வருடம் கழித்து அந்த எண்ணம் வேறு வடிவில் வந்தது. மிதக்கும் ஈட்டுப் பணத்தின் முதல் 10,000 பவுண்டில் பாதி, அதற்கு மேல் உள்ளதில் 20 சதவீதம், மொத்தம் 6,00,000 வரை. 2020 ஏப்ரலில் இந்த உச்சவரம்பு 8,00,000 ஆனது. மக்நாட்டன் பிரபு வருத்தப்பட்டுச் சொன்னதற்கு நூறு வருடத்துக்கு மேல் கழித்து!

தொழிலாளியின் பக்கம் பார்த்தால் படம் அவ்வளவு பிரகாசம் இல்லை. சம்பள முன்னுரிமையின் உச்சவரம்பு ஒருவருக்கு 800 பவுண்ட். 1986-இல் வைத்த எண் அது, விலைவாசி எங்கேயோ போன பிறகும் ஏறவில்லை. நடைமுறையில் கம்பெனி விழுந்தால் தேசியக் காப்பீட்டு நிதியில் இருந்து சட்டம் குறித்த அளவு வரை சம்பள பாக்கி கிடைக்கும். பிறகு தொழிலாளியின் இடத்தில் அரசாங்கமே நின்று அந்த 800-ஐக் கேட்கும். 2020 டிசம்பர் 1 முதல் வாட் வரிக்கும், ஊழியர் சம்பளத்தில் பிடித்துக் கட்டாமல் விட்ட வருமான வரிக்கும் மறுபடி முன்னுரிமை வந்துவிட்டது. இம்முறை சம்பளத்துக்குப் பின்னால், மிதக்கும் ஈட்டுக்கு முன்னால். ஆகவே மிதக்கும் ஈட்டுக் கணக்கு வங்கிகளுக்கு மறுபடி மெலிந்துவிட்டது.

வங்கிகள் என்ன செய்தன? ஸ்பெக்ட்ரம் சொன்னபடி கணக்கை அடைத்து வைத்தால் கம்பெனிக்கு அன்றாடச் செலவுக்குப் பணம் இருக்காது. அடைக்காவிட்டால் ஈடு மிதக்கும். வங்கிகள் பலவும் மூன்றாவது வழியில் போய்விட்டன. பாக்கியை ஈடாக வாங்குவதற்குப் பதில், கம்பெனி பில் போட்ட அன்றே அந்த பில்லை விலைக்கே வாங்கிவிடுகிறார்கள். பில் தொகையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, வாடிக்கையாளரிடம் இருந்து வரும் பணத்தைத் தாங்களே எடுத்துக் கொள்கிறார்கள். விற்றுவிட்ட பாக்கி கம்பெனியின் சொத்தே அல்ல. கம்பெனி விழுந்து நிர்வாகி வந்து கணக்குப் பிரிக்கும்போது, அது நிலையான ஈட்டுக் கணக்கிலும் இருக்காது, மிதக்கும் ஈட்டுக் கணக்கிலும் இருக்காது.